லெம்பருக்குக் காடு எதற்கு?

சுரங்க முகாம், ஹல்மஹெரா தீவு
ஜூன் 18

வெனிங்,

அம்மா அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. மிளகாய் விழுதும் தெம்பே வறுவலும் நன்றாக இருந்தன. கூடவே ஒரு புகைப்படம் வைத்திருந்தாள். பின்பக்கம், "உன் பாம்புக்குத் தங்கச்சி பங்களா கட்டியிருக்கா, பாரு" என்று எழுதியிருந்தாள். பார்த்தேன். வறுவலை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

என்ன அது? கண்ணாடித் தொட்டி, மண், பெரணி, பாசி, சருகு, நடுவில் மரக்கிளை, கிளைமேல் என் லெம்பர். யாரைக் கேட்டுச் செய்தாய்? நான் வேலைக்குக் கிளம்பும்போது உன் கையில் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே செய்தித்தாள், தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த மண்சட்டி. ஆறு வருஷம் அவள் அதில்தான் இருந்தாள். ஒரு நாள் இருமியதில்லை. சுருண்டு படுத்தால் வாழையிலையில் சுருட்டிய லெம்பர் கொழுக்கட்டை போலவே இருக்கிறாள் என்று பெயர் வைத்ததே நீதான். அந்தப் பெட்டியில் சுருண்டவளைப் பார்த்துத்தானே வைத்தாய்?

செய்தித்தாள் விரிப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. எச்சமிட்டால் உடனே தெரியும், எடுத்துப் போட்டுவிடலாம். உடம்பில் உண்ணி இருந்தால் தாளில் கரும்புள்ளியாக ஓடும். உன் காட்டுக்குள் எதைக் கண்டுபிடிப்பாய்? ஈர மண்ணில் கிடந்து நெஞ்சில் சளி கட்டினால் நம் ஊர் சலாதிகாவில் எந்த டாக்டர் பாம்புக்கு மருந்து கொடுப்பார்? அதோடு இந்த ஜாதிப் பாம்பு கூச்சம் பிடித்தது. நாலு பக்கமும் கண்ணாடி என்றால் சந்தையில் உட்கார்த்தி வைத்த மாதிரி இருக்கும் அதற்கு. ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அதை முதலில் எழுது.

இங்கே சமையல்கூடத்துக்குப் பின்னால் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். போன தடவை எலி வாங்குவதைப் பற்றி நீ போனில் கத்தியதை வரிசையில் நின்ற எல்லாரும் கேட்டுவிட்டார்கள். இப்போது என் பெயர் ‘பாம்பு மாப்பிள்ளை’. அதனால்தான் எழுதுகிறேன். சரக்குப் படகில் பதில் வரட்டும். அதற்குள் அவளைப் பெட்டிக்கு மாற்று.

ஹர்யோ

*

சலாதிகா
ஜூன் 30

அண்ணா,

"மூணே மாசம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய். வருஷம் திரும்பிவிட்டது. எலி வாங்குவது நான். உறைந்த எலியை வெந்நீரில் போட்டு எடுப்பது நான். அந்தப் பாத்திரத்தைக் காணோம் என்று அம்மா தேடும்போது திட்டு வாங்குவதும் நான். இதையெல்லாம் யாரைக் கேட்டுச் செய்தாய் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கிளை வைத்ததும் கேட்கிறாய்.

ஆறு வருஷம் இருமவில்லையாம். பாம்பு இருமி நீ எங்கே பார்த்தாய்?

அவள் மூக்கை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறாயா? பெட்டி மூடியில் தேய்த்துத் தேய்த்துச் செதில் போய்ச் சிவந்து கிடந்தது. வெளியே வரத்தான் தேய்த்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பண்டுங்கான் நர்சரியில் ஓட்டல்களுக்கெல்லாம் கண்ணாடிக்குள் தோட்டம் வைத்துக் கொடுப்பவள் நான். வீட்டில் இருக்கிற ஒரு ஜீவனுக்கு வைத்துக் கொடுக்கக் கூடாதா? பூச்சிமருந்து படாத பெரணியாகப் பார்த்து நட்டேன். தேங்காய் நார்த்தூளும் மண்ணும் கலந்து, அடியில் தண்ணீர் வடியக் கல் போட்டேன். எச்சத்தைத் தின்று மண்ணாக்குவதற்குச் சாம்பல் நிறப் பொடிப்பூச்சிகளைக்கூட விட்டிருக்கிறேன். உன் செய்தித்தாளில் அதெல்லாம் நடக்குமா?

தொட்டியில் விட்ட அன்றே கிளையில் ஏறினாள். தரையில் கிடக்கிற ஜாதி என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏறிப் போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதைத்தான் அம்மா படம் எடுத்தாள்.

உன் முகாம் அறையைப் பற்றி அம்மாவுக்கு எழுதியிருந்தாயே, இரும்புப் பெட்டி, ஒரு கட்டில், ஒரு விளக்கு என்று. நீயும் ஆறு வருஷம் அதிலேயே இருந்துவிட்டு வா. பிறகு பேசலாம்.

பழைய பெட்டிக்கு மாற்றுவது நடக்காது. அம்மா அதை நன்றாகக் கழுவித் தன் சாப்பாட்டுக் கடையில் கெருபுக் அப்பளம் போட்டு வைத்திருக்கிறாள்.

வெனிங்

*

ஹல்மஹெரா
ஜூலை 12

வெனிங்,

பாம்பு இருந்த பெட்டியிலா கெருபுக் போட்டு வைத்திருக்கிறீர்கள்? சோத்தோ சூப்போடு அதையும் நொறுக்கிப் போட்டு ஊரே தின்கிறதா? உங்கள் இரண்டு பேரையும் என்ன செய்தால் தகும் என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பிடுகிறாளா என்று கேட்டிருந்தேன். பொடிப்பூச்சி என்ன தின்கிறது என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கிறாய். லெம்பர் என்ன தின்றாள் என்று ஒரு வரி இல்லை. உன்னை எனக்குத் தெரியாதா? பதில் இல்லை என்றால் பதில் நல்லதாக இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. சாயங்காலமானால் வாசல் ஜன்னலில் ஆட்கள் வந்து நின்று பார்ப்பதாக அம்மா எழுதியிருக்கிறாள். சந்தோஷமாக எழுதியிருக்கிறாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தொட்டியை முன்னறையிலா வைத்திருக்கிறாய்? என்ன ஆட்கள்? எதற்கு வருகிறார்கள்? என் கட்டிலுக்கடியில் ஆறு வருஷம் அவள் இருந்தது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

என் இரும்பு அறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் சுத்தம். நான் ஒன்றும் மூடியில் மூக்கைத் தேய்க்கவில்லை.

ஹர்யோ

*

சலாதிகா
ஜூலை 30

அண்ணா,

திட்டுவதென்றால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டு.

தொட்டியை முன்னறையில்தான் வைத்தேன். வெளிச்சம் வேண்டுமென்று வைத்தேன், நாலு பேர் பார்க்கட்டும் என்றும்தான் வைத்தேன். ஈரம் காயாமலிருக்கப் பனி போலப் புகை விடுகிற சின்ன மெஷின் ஒன்றும் மாட்டினேன். சாயங்காலம் விளக்கு எரியும், புகை சூழும், பெரணிக்கு நடுவிலிருந்து லெம்பர் மெதுவாக இறங்குவாள். எனக்கு அது தோட்டம். தெருவுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது.

அதே மாதம்தான் அம்மா நீ அனுப்பிய பணத்தில் கடைக்குப் புதுத் தரை போட்டாள். போதாதா? நாம் பாம்பு வைத்துப் பெசுகிஹான் செய்கிறோமாம். காசு தரச் சொல்லிப் பேயோடு ஒப்பந்தமாம். எதிர்வீட்டுக்காரி பு தர்மி காய் வாங்கும் இடத்தில் என்னை நிறுத்திக் கேட்டாள்: "உங்க வீட்டுல பாம்பு ராணி எறங்கியிருக்காளாமே? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லேன்." நான் சிரித்துவிட்டு வந்தேன். அன்றைக்கே நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும்.

பாதித் தெரு அம்மா கடையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. மீதிப் பாதி, லாட்டரி நம்பர் கேட்கவும் மகளுக்கு மாப்பிள்ளை கேட்கவும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிடுகிறார்கள். வந்தவர்கள் போகும்போது ஒரு கிண்ணம் சோத்தோ சாப்பிட்டுவிட்டுப் போவதால் அம்மா யாரையும் விரட்டுவதில்லை.

போன வாரம் கிளிவோன் வெள்ளி, ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை ஆவிகளுக்குப் பூ வைக்கிற நாள். முந்தின நாள் சாயங்காலம் நான் நர்சரியில் இருந்து வருவதற்குள் தொட்டி நிறைய ரோஜாவும் மல்லிகையும். தண்ணீர்க் கிண்ணத்துக்குள் ஒரு பச்சை முட்டை. மூடியைத் திறந்துவிட்டதே அம்மாதான். கேட்டால், "கும்புட வந்தவங்க மனசு நோகக் கூடாதுல்ல? பூ தானே போட்டாங்க?" என்கிறாள். சந்தைப் பூவில் எவ்வளவு மருந்து அடிக்கிறார்கள் என்று நர்சரிக்காரி எனக்குத் தெரியாதா? கையால் ஒவ்வொரு இதழாகப் பொறுக்கினேன். பூச்சிகள் எல்லாம் செத்துவிட்டன. மேல் மண்ணை வழித்து மாற்றினேன். லெம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சாப்பிடவில்லை, அண்ணா. தொட்டிக்கு மாற்றிய பிறகு ஒரே ஒரு தடவை எலியை எடுத்தாள். ஆட்கள் வர ஆரம்பித்ததிலிருந்து தொடவில்லை. மெலிந்திருக்கிறாள். அதனால்தான் எழுதவில்லை.

இதுவும் போதாதென்று தெருக்கோடித் தாத்தா பாக் மார்னோ செத்துப்போனார். தொண்ணூறு வயது. ஒப்பந்தத்துக்கு வருஷம் ஓர் உயிர் கொடுக்க வேண்டுமாம், அவரை நாம் கொடுத்துவிட்டோமாம். தெருத் தலைவர் பாக் சுகெங் நேற்று வந்து செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உட்கார்ந்தார். டீயைத் தொடவில்லை. "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லம்மா. ஆனா இந்தத் தெருவுலதான நானும் குடியிருக்கணும்?" என்றார். அடுத்த கிளிவோன் வெள்ளிக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவாராம். அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டுப் பாம்பைப் பிடித்துப்போய் மெர்பாபு மலையில் விட்டுவிடச் சொல்வாராம்.

என்ன செய்யட்டும், சொல்.

வெனிங்

*

ஹல்மஹெரா
ஆகஸ்ட் 11

வெனிங்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேலதிகாரியிடம் போய் லீவு கேட்டேன். அக்டோபருக்கு முன்னால் கிடையாது என்றார். காரணம் கேட்டார். சொன்னேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார்.

மலையில் விடுவார்களாமா? அவள் ஆப்பிரிக்க ஜாதி. பண்டுங் நகரத்தில் பாம்பு வளர்க்கும் ஒருவர் வீட்டு அலமாரியில் பிறந்தவள். உயிருள்ள எலியை வாழ்நாளில் துரத்தியதில்லை, இடுக்கியில் பிடித்துக் காட்டினால்தான் வாய் திறப்பாள். மெர்பாபு குளிரில் எத்தனை நாள் தாங்குவாள்? அவர்கள் விடப்போவது பாம்பை அல்ல, பாம்பின் பிணத்தை. பாக் சுகெங்குக்கு அது தெரியாது. நீ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் என்ன வார்த்தை வருமோ தெரியாது.

உன் காட்டைப் பற்றியும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நீயே ஜெயித்ததாக வைத்துக்கொள். ஆனால் இப்போது அவளுக்கு இருட்டு வேண்டும், ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேண்டும். கெருபுக்கைக் கொட்டிவிட்டு அந்தப் பெட்டியை எடு. செய்தித்தாள் விரி, சட்டியைக் கவிழ், மேலே கறுப்புத் துணி போடு, பின்னறையில் வை. ஒரு வாரம் எட்டிக்கூடப் பார்க்காதே. பிறகு எலி காட்டு. எடுப்பாள். உன் தோட்டத்தை அவமானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை.

அப்பா போன பிறகு நான் கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல் இருந்தேனே, உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது வாங்கியது அவளை. மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு சும்மா இருப்பாள். ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்காத ஒரே ஆள் வீட்டில் அவள்தான். அவளை யாரிடமும் பிடித்துக் கொடுத்துவிடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், வெனிங்.

ஹர்யோ

*

சலாதிகா
செப்டம்பர் 3

அண்ணா,

லெம்பர் வீட்டில்தான் இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். அம்மா கெருபுக்கை மாற்றுவதற்கு டப்பா இல்லை என்று முனகினாள். முறைத்தேன், கொட்டினாள். பெட்டி, செய்தித்தாள், சட்டி, கறுப்புத் துணி. ஒரு வாரம் கழித்து எலியைக் காட்டினேன். சட்டிக்குள்ளிருந்து பாய்ந்து எடுத்தாள். இடுக்கியே கையிலிருந்து போய்விட்டது. நீ சொன்னதுதான் சரி. கூச்சம்தான் அவளுக்கு. எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு அவளை ஒளித்து வைக்கக் கூடாது. இப்படியே காட்டிவிட வேண்டும்.

தொட்டியைப் பிரித்தேன். பெரணியைப் பிடுங்கி நர்சரிக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். கிளை அடுப்புக்குப் போயிற்று. புகை மெஷினை அலமாரிக்குள் வைத்தேன். முன்னறையில் ஒரு முக்காலியில் உன் அழுக்குப் பெட்டியை மட்டும் வைத்தேன். துணிகூடப் போடவில்லை.

தொழுகை முடிந்து பாக் சுகெங் வந்தார். பின்னால் முன்னறை கொள்ளாமல் கூட்டம். பு தர்மி கையில் ஏதோ ஓதிய தண்ணீர் பாட்டில். எங்கே ராணி என்று எல்லாரும் சுற்றிப் பார்க்கிறார்கள். நான் பெட்டி மூடியைத் திறந்தேன். லெம்பர் தன் பங்கைச் செய்திருந்தாள். தின்ற எலி முழுக்க எச்சமாக, செய்தித்தாளின் கால்பந்துப் பக்கத்தின் மேல், நடுவில். அதன் பக்கத்திலேயே வாலை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நாற்றம் தாங்கவில்லை. பு தர்மி முக்காட்டு நுனியை மூக்கில் அழுத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள். "பண்ணி வெச்சுட்டு அது மேலயே படுத்திருக்கு?"

"ராணின்னா கெருபுக் டப்பாவுலயா குடும்பம் நடத்துவா?" என்றார் பாக் சுகெங். "எந்திரிங்க எல்லாரும். டீ ஆறுது."

யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவர் இந்தத் தடவை டீயைக் குடித்தார். ஒரு பையன், "ஏய், நம்ம டீம் தோத்த மேட்ச் மேலதான் போயிருக்கு" என்றான். அதற்கும் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், முடிந்தது. பு தர்மி மட்டும் போகும்போது வாசலில் நின்று, படுத்த இடத்திலேயே பண்ணி வைக்கிற ஒன்றையா இவ்வளவு நாளாகக் கும்பிட்டோம் என்று என்னைக் கடிந்துகொண்டாள், நான்தான் அவளை ஏமாற்றிவிட்டேன் என்பதுபோல.

பூவோடு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். சாப்பிடாமல் நின்றவர்கள் இன்னும் திரும்பவில்லை. அம்மா என்மேல் கோபமாக இருக்கிறாள்.

எல்லாரும் போன பிறகு பெட்டியைக் கழுவிப் புதுத் தாள் விரித்தேன். உள்ளே விட்ட உடனே மூலைக்குப் போய் மூக்கை மூடியில் வைத்துத் தள்ள ஆரம்பித்தாள். நான் கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அந்தச் செதில்கள் இப்போதுதான் புதிதாக வளர்ந்திருந்தன. நீ சொன்னது சரி, நீ ஜெயித்தாய், உயிரோடு இருக்கிறாள், எல்லாம் சரி. என்னால் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது, அண்ணா. அக்டோபரில் வரும்போது எடுத்துக்கொண்டு போ. எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

வெனிங்

*

ஹல்மஹெரா
செப்டம்பர் 16

வெனிங்,

உன் கடிதத்தைச் சமையல்கூடத்தில் சத்தமாகப் படித்தேன். கால்பந்துப் பக்கம் வந்ததும் எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். கிணற்றடி வந்ததும் நிறுத்திவிட்டேன். மீதியை அறைக்குக் கொண்டுபோய்ப் படித்தேன்.

அம்மா அனுப்பிய அந்தப் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். திட்டுவதற்காகத்தான் ஒட்டினேன், பிறகு எடுக்க மனசில்லை. என் அறைக்காரன் லூகாஸ், புளோரெஸ்காரன், படத்தைக் காட்டி, "உன் பாம்பு எவ்ளோ ஒசரம் ஏறும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷம் வைத்திருக்கிறாய், இதுகூடத் தெரியாதா என்றான். ஏறுவதற்கு ஒன்றும் வைக்கவில்லையே, எப்படித் தெரியும் என்றேன். அதைச் சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நான் அவளை எடுத்துப்போக வரவில்லை. எங்கே எடுத்துப்போவேன், இந்த இரும்புப் பெட்டிக்கா?

பின்னறையில், ஜன்னல் இல்லாத பக்கம் தொட்டியை மறுபடி வை. மூன்று பக்கமும் வெளியிலிருந்து கறுப்புத் தாள் ஒட்டு. ஒளிய இரண்டு இடம் வேண்டும், ஒன்று கீழே, ஒன்று மேலே. புகை மெஷின் வேண்டவே வேண்டாம். ஒரு மூலையில் மட்டும் மண்ணுக்குப் பதில் செய்தித்தாள் இருக்கட்டும், அதில் வாதம் பண்ணாதே. மூடிக்கு ஒரு பூட்டுப் போடு, அம்மாவிடம் சாவியைக் கொடுக்காதே.

கிளையை அடுப்பில் போட்டுவிட்டாய் என்றாயே. இங்கே கடற்கரையில் ஒரு கிளை ஒதுங்கிக் கிடந்தது. வழுவழுவென்று, நல்ல கவையுள்ள கிளை. லூகாஸும் நானும் தூக்கி வந்து சமையல்கூடத்துப் பெரிய சோற்று அண்டாவில் போட்டு வேகவைத்தோம். சமையல்காரர் பார்த்துவிட்டார். என் தட்டில் இரண்டு நாளாக மீன் விழவில்லை.

கிளை ரொம்ப நீளம். தொட்டியின் உயரம் எவ்வளவு என்று உடனே எழுது. இங்கேயே அளவாக அறுத்து எடுத்து வருகிறேன்.

ஹர்யோ

*

சலாதிகா
செப்டம்பர் 27

அண்ணா,

கடலில் கிடந்த கட்டையை ஒரு தடவை வேகவைத்தால் உப்புப் போய்விடுமா? சமையல்காரர் மீன் கொடுக்காதது போதாது. நல்ல தண்ணீரில் ஊறப் போடு, தினமும் தண்ணீரை மாற்று. கிளம்புகிற நாள் வரைக்கும் மாற்று. இதுகூட ஒருத்தி எழுதித்தான் தெரியவேண்டுமா உனக்கு?

அந்தத் தொட்டியை நர்சரிக்கு வந்த ஒருவருக்குப் போன வாரமே விற்றுவிட்டேன். ரம்பத்தைக் கீழே வை. கிளையின் நீளம் எவ்வளவு என்று நீ எழுது, அதற்குத் தகுந்த தொட்டியை நான் பார்க்கிறேன்.

வெட்டாமல் கொண்டு வா.

வெனிங்